கேம்காரன் ஆளைத் தேடினான், நாம மெஷினைத் தேடினோம்

1/ எட்டயபுரத்துல கிளினிக் வெச்சிருக்கிற டாக்டர் நான். இன்னிக்கு மருந்து பத்தி இல்ல, இசை பத்தி. கொஞ்சம் கோவமாத்தான் இருக்கும். முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

2/ ஒரு அப்பா பையனைக் கூட்டிட்டு வந்தார். "எந்நேரமும் கேம்தான் சார். அந்த டொய்ங் டொய்ங் சத்தத்துல எனக்குத் தலைவலியே வருது." அடுத்த டோக்கன் ஒரு நாயனக்காரர். மூச்சு நல்லா இருக்கு, தூக்கம்தான் இல்ல. அவர் வாசிச்ச கோவில்ல மோட்டார் மேளம் மாட்டிட்டாங்க. சுவிட்சைப் போட்டா முரசும் மணியும் தானா அடிக்கும்.

3/ அந்த 'டொய்ங் டொய்ங்' கதையைக் கேளுங்க. 1986ல ஜப்பான்ல டிராகன் குவெஸ்ட் வந்தப்போ, அந்தக் கேம் மெஷின்ல மொத்தமே அஞ்சு ஒலித்தடம். அதுல ஸ்வரம் வாசிக்க மூணு. இசையமைச்ச கோயிச்சி சுகியாமா அதோட நிக்கல. 1987லயே அதே மெட்டுகளை ஆர்க்கெஸ்ட்ரா வெச்சு மேடையேத்திட்டார்.

4/ அப்புறம் சிடி வந்துச்சு. பதிவு பண்ண இசையையே கேமுக்குள்ள வைக்க இடம் கிடைச்சது. 1997ல 'தி லாஸ்ட் வேர்ல்ட்: ஜுராசிக் பார்க்' கேமுக்கு மைக்கேல் ஜியாச்சினோ நிஜ ஆர்க்கெஸ்ட்ராவை உக்கார வெச்சு ரெக்கார்டிங் பண்ணார். கீபோர்டுலயே முடிச்சிருந்தா செலவு மிச்சம். ஆனாலும் ஆளைக் கூப்பிட்டாங்க. அதே ஜியாச்சினோ பின்னாடி 'அப்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார்.

5/ கவனிங்க. மெஷின்ல பிறந்த இசை மனுஷனைத் தேடிப் போச்சு. மனுஷ மூச்சுல பிறந்த இசையை நாம மெஷின் கையில குடுத்துட்டோம். கலாசாரத்தைக் கெடுக்கிறது யாரு, அந்தப் பையனா, நாமளா?

6/ அதுவும் எந்த ஊர்ல? முத்துசுவாமி தீட்சிதர் 1835ல கண்ணை மூடின ஊர். 1904ல சுப்பராம தீட்சிதரோட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சேறின ஊர். பக்கத்துல கோவில்பட்டி, காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரத்தோட வாழ்ந்த ஊர்.

7/ "டாக்டர் பழமைவாதி"ன்னு கிளம்பாதீங்க. முத்துசுவாமியோட தம்பி பாலுசுவாமி, வெள்ளைக்காரன் வயலினை நம்ம சங்கீதத்துக்குப் பழக்கின முன்னோடி. அவரும் எட்டயபுரம் சமஸ்தான வித்வான்தான். புதுக் கருவி வரட்டும். வாசிக்க ஒரு ஆள் இருக்கணும், அவ்வளவுதான்.

8/ "சம்பளம் யார் தர்றது?" நியாயமான கேள்வி. தினமும் குடுக்க முடியாத சின்னக் கோவில்கள் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா கொடைக்கு சீரியல் லைட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் காசு புரளுதே? வெள்ளிக்கிழமை ஒரு வேளை, கொடை நாள் முழுக்க, ஒரு நாயனம், ஒரு தவில். அதுல இருந்து ஆரம்பிப்போம்.

9/ பையனுக்கு விளையாட நேரம் குறிச்சுக் குடுத்தேன், ராத்திரி போன் கூடாதுன்னேன். அப்பாவுக்கு, "ஒரு நாள் பையன் பக்கத்துல உக்காந்து அந்த இசையைக் கேளுங்க"ன்னேன். நாயனக்காரருக்கு எழுதிக் குடுக்க என்கிட்ட மருந்து இல்லைங்க. அது உங்க ஊர்த் தலைக்கட்டு வரிக் கணக்குல இருக்கு. அடுத்த கூட்டத்துல எந்திரிச்சுக் கேளுங்க.