முதல்ல தண்ணி ஊத்துங்க, அப்புறம் சுவிட்சைப் போடுங்க

சங்கரன்கோவில் பக்கம் கிணத்துப் பாசனம் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். நாலு நாள் ஓடாத மோட்டாரைப் போடுறதுக்கு முன்னாடி, பம்புக்கு மேல இருக்கிற மூடியைத் திறந்து, குடத்துல தண்ணி கொண்டுவந்து, நிரம்பி வழியுற வரைக்கும் ஊத்தணும். ஃபுட் வால்வு லீக் ஆனா பைப்புல இருக்கிற தண்ணி இறங்கிரும், உள்ளே காத்துதான் நிக்கும். அப்படியே சுவிட்சைப் போட்டா மோட்டார் சுத்தும், சத்தம் வரும், தண்ணி மட்டும் வராது. "ஏலே, தண்ணி ஊத்தாமலா போட்ட? சீல் போயிரும்லே, அமத்து!" என்று தாத்தா வரப்பிலிருந்தே கத்துவார்.

இதுக்கு நம்ம புத்தகத்துல பேரு ப்ரைமிங். ரெண்டு மார்க் கேள்வி. "சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு ப்ரைமிங் தேவை, பாசிட்டிவ் டிஸ்பிளேஸ்மென்ட் பம்புக்குத் தேவையில்லை, அது செல்ஃப் ப்ரைமிங்" என்று எழுதினா முழு மார்க். நானும் எழுதி வாங்கியிருக்கேன். அந்த ரெண்டாவது பாதியை அப்படியே நம்பித்தான் ஒரு என்ஜினைக் கெடுத்தோம்.

ப்ராஜெக்ட்டுக்காக ஒரு பழைய கார் என்ஜினை முழுசா பிரிச்சு, புது பேரிங் போட்டு மாட்டினோம். மறுநாள் ரிவ்யூ. ஆயில் ஊத்தியாச்சு, ஸ்டார்ட் பண்ணியாச்சு. ஆயில் பிரஷர் லைட் அணையவே இல்லை. "ரேஸ் பண்ணுடா, தானா ஏறிரும்" என்றான் ஒருத்தன். பண்ணினோம். சத்தம் மாறின பிறகுதான் ஆஃப் பண்ணத் தோணுச்சு. திரும்பப் பிரிச்சுப் பார்த்தா, புது பேரிங் ஷெல் முழுக்கக் கோடு கோடா கீறல். சம்ப் நிறைய எண்ணெய் இருந்தது. பம்ப் அதைத் தொடவே இல்லை.

காரணம் ரொம்பச் சின்னது. என்ஜின் ஆயில் பம்ப் பெரும்பாலும் கியர் அல்லது ட்ரோக்காய்டு வகை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கிற நுண்ணிய இடைவெளியை அடைக்கிறது உலோகம் இல்லை, எண்ணெய்ப் படலம்தான். புதுசா மாட்டின பம்ப் காய்ஞ்சு கிடக்கும். இடைவெளி வழியா காத்து திரும்பி ஓடிரும். கீழே இருக்கிற எண்ணெயை மேலே உறிஞ்சுற அளவுக்கு வெற்றிடம் உருவாகாது. நேத்து ஓடின என்ஜினில் இந்தப் பிரச்சினை வராது, படலம் ஏற்கனவே இருக்கும். "செல்ஃப் ப்ரைமிங்" என்ற வார்த்தைக்கு முன்னாடி "ஏற்கனவே நனைஞ்சிருந்தால்" என்று சேர்த்துப் படிக்கணும்.

இதையே ஒரு விமான என்ஜினில் வெச்சுப் பாருங்க. மாஸ்டா 13பி ரோட்டரி என்ஜினை வீட்டிலேயே கட்டுற சின்ன விமானங்களில் பொருத்திப் பறக்கிறவங்க வெளிநாட்டில் உண்டு. 1308 சிசி, ரெண்டு ரோட்டர், வால்வு கிடையாது. ஆயில் பம்ப் முன்பக்கம், எக்சென்ட்ரிக் ஷாஃப்டிலிருந்து செயின் மூலம் சுத்தும். எண்ணெய்க்கு இங்கே ரெண்டு பெரிய வேலை: ரோட்டர் பேரிங்கைத் தாங்கணும், ரோட்டரையே உள்ளிருந்து குளிர வைக்கணும். விமானத்தில் ஆயில் கூலரும் ஹோஸும் தனியாத் தள்ளி இருக்கும். புதுசா மாட்டும்போது அத்தனையும் காலி. பம்ப் பிடிச்சாலும், இதெல்லாம் நிரம்பின பிறகுதான் பேரிங்குக்கு முதல் சொட்டு போகும்.

அதனால அனுபவசாலிகள் செய்யிறது இதுதான். மாட்டும்போதே பம்புக்குள்ளே வாசலின் அடைச்சு மூடுவாங்க. நம்ம கையில தடவுற அதே வாசலின். அது இடைவெளியை அடைச்சு பம்பை உறிஞ்ச வைக்கும், சூடானதும் உருகி எண்ணெயோட கலந்திரும். கெட்டி கிரீஸ் வைக்கக் கூடாது, சின்னத் துவாரங்களை அடைச்சிரும். அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, இக்னிஷனையும் பெட்ரோலையும் நிறுத்தி, ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுத்தி, பிரஷர் கேஜில் முள் எழும்புதான்னு பார்ப்பாங்க. எழும்பலைன்னா, பிரஷர் டேங்க் வெச்சு ஆயில் கேலரிக்குள்ளே வெளியிலிருந்து எண்ணெயைத் தள்ளுவாங்க. முள் எழும்பின பிறகு டிப் ஸ்டிக்கைத் திரும்பப் பார்க்கணும். கூலரும் ஃபில்டரும் குடிச்ச எண்ணெய் சம்பில் குறைஞ்சிருக்கும்.

இது ரோட்டரிக்கு மட்டுமான சடங்கு இல்லை. பிஸ்டன் விமான என்ஜின் செய்யிற லைகமிங் நிறுவனம், முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ப்ரீ-ஆயில் பண்ணுறதுக்குன்னே 1241 என்ற எண்ணில் தனி சர்வீஸ் அறிவுரை வெச்சிருக்கு. அங்கேயும் பிளக்கைக் கழட்டி, முள் ஏறுற வரை சுத்தச் சொல்றாங்க. அத்தனை வருஷம் என்ஜின் செய்யிறவங்களே எழுதி வெச்சுச் செய்யிறதை, நாம ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி ஞாபகத்தில் செய்யப் பார்க்கிறோம்.

"அசெம்பிளி லூப் தடவியிருக்கோமே, ஒண்ணும் ஆகாது" என்பாங்க. சில நொடிக்கு அது தாங்கும், உண்மைதான். கார்னா அதுக்கு மேல போனாலும் ரோட்டோரம் நிறுத்திடலாம். ஆனா பேரிங்கில் விழுந்த கீறல் அன்னைக்கே சத்தம் போடணும்னு இல்லை. தரையில் நல்லா ஓடிட்டு, பல மணி நேரம் கழிச்சு ஆகாயத்தில் காட்டிக்கொடுக்கலாம். அங்கே ஓரங்கட்ட இடம் ஏது?

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு நினைக்காதீங்க. 2009 மார்ச் மாதக் கடைசியில், இந்தியாவிலேயே உருவான 55 குதிரைத்திறன் வான்கல் ரோட்டரி என்ஜினோடு நிஷாந்த் ஆளில்லா விமானம் கோலார் பக்கம் பறந்தது. என்.ஏ.எல்., வி.ஆர்.டி.இ., ஏ.டி.இ. மூணும் சேர்ந்து செய்த வேலை. அடுத்த என்ஜினை மாட்டப் போறது நம்ம வயசுக்காரங்கதான். ஆனா கிணத்துக்கெல்லாம் சப்மெர்சிபிள் இறங்கியாச்சு, அது தண்ணிக்குள்ளேயே கிடக்கும், ஊத்தவே வேண்டாம். காரும் பைக்கும் நனைஞ்ச என்ஜினோடதான் கைக்கு வருது. ப்ரைமிங் என்பதைக் கண்ணால பார்க்காமலே ஒரு தலைமுறை மெக்கானிக்கல் முடிக்கப் போகுது.

அதனால டிபார்ட்மென்ட்டுக்கு ரெண்டே கோரிக்கை. ஒண்ணு, என்ஜின் ப்ராஜெக்ட் எதுவா இருந்தாலும், கேஜில் ஆயில் பிரஷர் காட்டி ஸ்டாஃப் கையெழுத்து வாங்கின பிறகுதான் பிளக் மாட்டணும். ரெண்டு, லேப்ல என்ஜினைப் பிரிச்சுக் காட்டுறதோட நிறுத்தாம, மாட்டி முதல் ஸ்டார்ட் வரைக்கும் ஒரு தடவை எங்களைச் செய்ய விடணும். செலவு ஒரு வாசலின் டப்பா, ஒரு கேஜ், கொஞ்சம் பொறுமை.

தாத்தா எந்த செமஸ்டரும் படிக்கலை. ஆனா குடம் நிரம்பி வழியாம சுவிட்சுல கை வெச்சதே இல்லை.