பக்கத்தில் ஆள் இருந்தும் தனிமை

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1937-ல் வெளியிட்ட ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ அளவில் சிறிய நாவல். ஜார்ஜ், லென்னி என்ற இரு கூலியாட்களின் நட்பைச் சொல்லும் கதை என்றே பலரும் அதைப் பாராட்டுகிறார்கள். அது பாதி உண்மைதான். நாவலின் உயிர் துணைப் பாத்திரங்களிடம் இருக்கிறது.

கதை நடப்பது கலிபோர்னியாவில், சோலடாட் என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணையில். ஸ்பானிய மொழியில் அந்த ஊர்ப் பெயருக்குத் தனிமை என்றே பொருள்.

கேண்டி, யந்திரத்தில் ஒரு கையை இழந்த கிழவர். நாற்றம் தாங்கவில்லை என்று அவருடைய கிழட்டு நாயைச் சக தொழிலாளி ஒருவன் கொண்டுபோய்ச் சுடுகிறான். அறையில் அத்தனை பேர் இருந்தும், நாயை விட்டுவிடு என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. வெடிச் சத்தம் கேட்டதும் கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

குரூக்ஸ் கறுப்பர். மற்றவர்கள் படுக்கும் கொட்டகையில் அவருக்கு இடமில்லை. லாயத்தை ஒட்டிய சேண அறைதான் அவருக்கு. புத்தகங்கள் வைத்திருக்கிறார், படித்ததைப் பேச ஆளில்லை.

முதலாளி மகன் கர்லியின் மனைவிக்கு நாவலில் பெயரே கிடையாது. கணவனைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு பேச்சுத் துணை தேடி வருகிறாள். வம்பு வேண்டாமென்று ஆண்கள் ஒதுங்குகிறார்கள்.

ஒரு சனிக்கிழமை இரவு இந்த மூவரும், லென்னியும் குரூக்ஸின் அறையில் கூடுகிறார்கள். ஒத்த துயரம் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருப்பார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடப்பது வேறு. ஜார்ஜ் திரும்பி வராவிட்டால் என்ன செய்வாய் என்று குரூக்ஸ் முதலில் லென்னியை வாட்டுகிறார். பின்னர், வெளியே போகச் சொன்ன குரூக்ஸை, மரத்தில் தொங்கவிடச் செய்வேன் என்று கர்லியின் மனைவி மிரட்டுகிறாள். கேண்டியின் 350 டாலரையும் சேர்த்து நிலம் வாங்கும் கனவில் தானும் சேரலாமா என்று சற்று முன் கேட்ட குரூக்ஸ், அந்த ஆசையைக் கைவிட்டுவிடுகிறார்.

அவளைக் கெட்டவள் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் நாவல் சொல்வது அதுவல்ல. நிறம், முதுமை, ஊனம், பெண் என்று மனிதரைத் தட்டுத் தட்டாக அடுக்கிவைத்த இடத்தில், மிதிபட்டவரும் தமக்குக் கீழே ஒருவரைத் தேடுகிறார்கள். நான்கு பேரை ஓர் அறையில் உட்காரவைப்பதால் மட்டும் தனிமை தீராது. அந்த அடுக்கு கலைய வேண்டும்.

குரூக்ஸ் தம் முதுகுக்குத் தாமே தைலம் தேய்த்துக்கொள்வதோடு அந்த அத்தியாயம் முடிகிறது. பண்ணை நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். தேய்த்துவிட ஒரு கை இல்லை.