பின்வரிசையிலிருந்து ஒரு குரல்

பாராளுமன்றம் என்றதும் நம் கண்முன் தோன்றுவது அதன் முன்வரிசையே. ஒரு புறத்தில் பிரதம மந்திரியும் மந்திரிமாரும். மறு புறத்தில் எதிர்க்கட்சித் தலைவரும் அவர்தம் சகாக்களும். பத்திரிகைத் தலைப்புகளும் புகைப்படங்களும் அவர்களுக்கே உரியன. அவர்களுக்குப் பின்னால் வரிசை வரிசையாக வீற்றிருப்போரின் பெயர்களைக்கூட நாம் அறிவதில்லை. வாக்கெடுப்பு மணி ஒலித்ததும் ஓடி வருவதும், தலைவர் பேசும்போது மேசையில் தட்டுவதுமே அவர்களின் பணி என்று எண்ணிவிடுகிறோம். அவர்களிற் பலரும் அவ்வாறே எண்ணிவிடுகின்றனர் என்பதுதான் வருந்தத்தக்கது.

ஆயினும் பாராளுமன்ற ஆட்சி முறையின் உயிர்நிலை அந்தப் பின்வரிசையிலேதான் இருக்கிறது. மந்திரிசபை பாராளுமன்றத்துக்குப் பொறுப்புடையது என்பது அம்முறையின் அடிப்படை. மந்திரிமார் தமக்குத் தாமே பொறுப்புச் சொல்லிக்கொள்ள இயலாது. எதிர்க்கட்சியினர் கணக்குக் கேட்டாலோ, "இது அரசியல் காழ்ப்பு" என்று தட்டிக் கழித்துவிடலாம். ஆனால், தமது கட்சியைச் சேர்ந்த ஒருவரே, தமக்குப் பின்னாலுள்ள ஆசனத்திலிருந்து எழுந்து, கையில் ஆதாரத்தோடு கணக்குக் கேட்டால் என் செய்வது? அரசனுக்கு இடித்துரைப்போரின் துணை வேண்டும் என்று வள்ளுவர் வற்புறுத்தியபோது, அதனைத் துணை என்றே கருதினார். பகை என்று கருதவில்லை. இந்த வேறுபாட்டை உணர்ந்த சபை வாழும். உணராத சபை வெறும் மண்டபமாகிவிடும்.

இவ்வுண்மைக்கு நமது அயல் நாடாகிய இந்தியாவின் பாராளுமன்ற வரலாற்றில் ஒரு தெளிவான சான்று உண்டு. அது பெரோஸ் காந்தியின் கதை.

மூன்றாண்டு மௌனம்

பெரோஸ் காந்தி 1912ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்திற் பிறந்தவர். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். 1942ஆம் ஆண்டு இந்திராவை மணந்தார். 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலிப் பகுதியிலிருந்து லோக்சபைக்குத் தெரிவானார். பிரதம மந்திரி நேருவின் மருமகன் என்பதே உலகம் அவருக்குக் கொடுத்த அடையாளம். அந்த அடையாளத்தைக் கொண்டு அவர் பதவி எதனையும் தேடவில்லை. சபையில் முதல் மூன்று ஆண்டுகளும் அவர் பெரும்பாலும் வாய் திறக்கவுமில்லை.

அந்த மௌனம் சோம்பலின் மௌனமன்று என்பது 1955 டிசெம்பரிலே தெரியவந்தது. காப்புறுதிச் சட்டத் திருத்த மசோதா விவாதத்துக்கு வந்தபோது அவர் எழுந்தார். தனியார் காப்புறுதிக் கம்பனிகளிற் பொதுமக்கள் செலுத்திய பணம் எவ்வாறு முதலாளிகளின் சொந்தத் தொழில்களுக்குள் ஒழுகிச் சென்றது என்பதை, டால்மியாவின் பாரத் காப்புறுதிக் கம்பனியின் கணக்குகளைக் கொண்டே அவர் விளக்கினார். அலங்காரமில்லாத பேச்சு, ஆண்டு, தொகை, கம்பனி, கைமாறிய விதம் என்று அடுக்கிச் சென்ற பேச்சு. பின்னர் டால்மியா நீதிமன்றத்தினாற் குற்றவாளியெனக் காணப்பட்டுச் சிறை சென்றார். 1956 ஜனவரியில் இந்திய அரசு ஆயுட் காப்புறுதித் தொழிலைத் தேசியமயமாக்கியது. அவ்வாண்டு செப்டெம்பர் 1ஆந் திகதி, 245 நிறுவனங்களின் வியாபாரத்தை ஏற்றுக்கொண்டு இந்திய ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் உதயமாயிற்று. இம்மாற்றத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் அப்பேச்சும் ஒன்று என்பதை மறுப்பார் இல்லை.

அதே 1956ஆம் ஆண்டில் அவர் செய்த இன்னொரு காரியம் அதனினும் நுட்பமானது. சபைக்குள் அங்கத்தவர் எதனைப் பேசினும் அவர்மீது வழக்குத் தொடர முடியாது. ஆனால் அப்பேச்சை அப்படியே வெளியிடும் பத்திரிகைக்கு அத்தகைய காப்பு இல்லை. மானநஷ்ட வழக்கின் அச்சத்தினால், சபையிற் சொல்லப்பட்ட உண்மை வாசகனின் கையை அடையும் முன்னரே மடிந்துவிடலாம். 'நாஷனல் ஹெரல்ட்' பத்திரிகையை நிருவகித்த அனுபவம் பெரோஸுக்கு இருந்தது. ஆதலின் இந்தக் குறைபாடு அவருக்கு நன்கு விளங்கியது. சபை நடவடிக்கைகளை, தீய நோக்கமின்றி, பொது நன்மைக்காக, உள்ளவாறு வெளியிடுவோருக்குப் பாதுகாப்பளிக்கும் மசோதா ஒன்றைத் தனி அங்கத்தவர் என்ற முறையிற் கொண்டுவந்து சட்டமாக்கினார். மந்திரியல்லாத ஒருவர் கொண்டுவரும் மசோதா சட்டமாவது அரிதினும் அரிது. பேசுவதற்கு உரிமை மட்டும் போதாது, பேச்சு மக்களைச் சென்றடைய வேண்டும் என்பதை உணர்ந்தவரின் செயல் அது.

முந்த்ரா விவகாரம்

அடுத்த ஆண்டே அவ்விரு கருவிகளுக்கும் சோதனை வந்தது. 1957 ஜூன் மாதத்தில், புதிதாகத் தோன்றிய காப்புறுதிக் கூட்டுத்தாபனம், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்பவருக்குத் தொடர்புடைய ஆறு கம்பனிகளின் பங்குகளைச் சுமார் 1 கோடி 24 இலட்சம் ரூபாவுக்கு வாங்கியது. முந்த்ரா பங்குச் சந்தைச் சூதாட்டத்திற் பெயர் பெற்றவர். அவருடைய நிலைமை அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. இத்தகைய முதலீடுகளை ஆராய்வதற்கென்றே கூட்டுத்தாபனத்தில் முதலீட்டுக் குழு ஒன்று இருந்தது. அக்குழுவிடம் முன்கூட்டிக் கேட்கப்படவில்லை.

இதுபற்றிச் சபையில் முதலில் எழுந்த வினாக்களுக்குக் கிடைத்த விடைகள் ஐயத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாக வளர்த்தன. 1957 டிசெம்பர் 16ஆந் திகதி பெரோஸ் காந்தி விவாதத்தைத் தொடக்கினார். பாராளுமன்றம் தானே படைத்த மாபெரும் நிதி நிறுவனத்தைப் பாராளுமன்றமே விழிப்போடு கண்காணிக்க வேண்டும் என்பது அவருடைய தொடக்க நிலை. பின்னர், வாங்கிய விலை என்ன, சந்தையிலே நிலவிய விலை என்ன, யார் யாருடன் பேசினர், யாருடைய ஒப்புதலுடன் காரியம் நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் எவரையும் ஏசவில்லை. விடை சொல்ல வேண்டியவர் விடை சொல்லாமல் இருக்க முடியாத நிலையை மட்டும் உண்டாக்கினார்.

இங்கே பணத்தின் இயல்பை நாம் மறந்துவிடலாகாது. அது செல்வந்தர் சூதாடிய பணமன்று. தாம் இறந்தபின் மனைவி மக்கள் தெருவில் நிற்கக்கூடாதே என்று, எழுதுவினைஞரும் ஆசிரியரும் சிறு கடைக்காரரும் மாதந்தோறும் வயிற்றைக் கட்டிச் செலுத்திய பணம். அப்பணத்தைத் தனி முதலாளியிடமிருந்து காப்பதற்காகவே தொழில் தேசியமயமாக்கப்பட்டது. அரசின் கைக்கு வந்தபின்னரும் அது வேறொரு தனி முதலாளியைத் தாங்கும் ஊன்றுகோலாகுமாயின், வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும். தேசியமயத்துக்காக வாதாடியவரே அதன் முதல் தவற்றையும் எடுத்துக்காட்டினார் என்பதிலேதான் அவருடைய நேர்மை விளங்குகிறது.

அரசு பணிந்தது. பம்பாய் உயர் நீதிமன்றப் பிரதம நீதியரசர் எம். சி. சக்ளா 1958 ஜனவரியில் தனி விசாரணையாளராக நியமிக்கப்பட்டார். அவர் விசாரணையைப் பகிரங்கமாக நடத்தினார். மண்டபத்தில் இடமின்றி வெளியே நின்ற மக்களும் கேட்கும்படி ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. பெப்ரவரியிலே அறிக்கை வெளிவந்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, அறிக்கை வரும்போது குற்றமும் மறந்துபோகும் விசாரணைக் கமிஷன்களைக் கண்டு பழகிய நமக்கு இவ்வேகம் வியப்பைத் தருகிறது.

மந்திரியின் பொறுப்பு

அக்காலத்து நிதி மந்திரி ரி. ரி. கிருஷ்ணமாச்சாரி. சென்னையைச் சேர்ந்த இவர், இந்திய அரசியல் யாப்பை வரைந்த குழுவிலும் இடம்பெற்றவர், கூர்மதியாளர். இவ்விவகாரத்தில் அவர் தமக்கென்று ஒரு சதமேனும் பெற்றார் என்று சக்ளா கூறவில்லை. தமது ஒப்புதலின்றியே நிதிச் செயலாளர் எச். எம். பட்டேல் காரியத்தை நடத்தினார் என்பது மந்திரியின் வாதம். மந்திரி அறிந்தே நடந்தது என்பது செயலாளரின் நிலை. சக்ளா ஒரு கோட்பாட்டை வற்புறுத்தினார்: உத்தியோகத்தரின் செயலுக்கு அரசியல் யாப்பு முறைப்படி மந்திரியே பொறுப்பாளி, அவர் தம் செயலாளரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. 1958 பெப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார். அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தைப் பிரதம மந்திரி நேருவே சமர்ப்பிக்க வேண்டியதாயிற்று.

கிருஷ்ணமாச்சாரி சில ஆண்டுகளின் பின் மீண்டும் மந்திரிசபையிற் சேர்ந்து, 1963இல் மறுபடியும் நிதி மந்திரியானார். இதனைக் கொண்டு, "பெரோஸ் சாதித்தது என்ன?" என்று வினவுவோர் உளர். ஒரு மனிதரை நிரந்தரமாக வீழ்த்துவது கணக்குக் கேட்பவரின் நோக்கமன்று. பொறுப்பு என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு என்று நாட்டுக்குக் காட்டுவதே நோக்கம். அது நிறைவேறிற்று.

தாம் சார்ந்த எதனையும் அவர் விலக்காக வைக்கவுமில்லை. தாட்டா நிறுவனம் ரயில் எஞ்சின்களுக்கு மிகையான விலை பெறுகிறது என்று அவர் பின்னர் வாதாடினார். அந்நிறுவனமோ அவருடைய பார்சி சமூகத்தின் பெருமை. மாமனாரின் அரசு, சொந்தக் கட்சி, சொந்தச் சமூகம் என்ற மூன்று வேலிகளையும் அவர் கடந்தார். 1960 செப்டெம்பர் 8ஆந் திகதி, 48ஆம் பிறந்த நாளுக்கு நான்கு நாட்களே இருக்க, காலமானார். எக்காலத்திலும் மந்திரிப் பதவி வகித்தவரல்லர்.

சட்டத்துக்கு நேர்ந்த கதி

அவர் விட்டுச்சென்ற சட்டத்தின் கதை இதோடு முடியவில்லை. அவருடைய ரேபரேலித் தொகுதியையே பின்னர் இந்திரா காந்தி பிரதிநிதித்துவம் செய்தார். 1971இல் அங்கு அவர் பெற்ற வெற்றி செல்லாது என்று 1975 ஜூனில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மாதமே அவசரகால நிலை பிரகடனமாயிற்று. பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டன. அவ்வாண்டு டிசெம்பரில், கணவர் இயற்றுவித்த அப்பாதுகாப்புச் சட்டத்தை மனைவியின் அரசு அவசரச் சட்டமொன்றினால் நீக்கி, 1976இல் அந்நீக்கத்தை நிலையான சட்டமாகவும் ஆக்கியது. 1977இல் ஆட்சி மாறியபின் அது மீண்டும் சட்டமாயிற்று. அந்தப் புதிய அரசின் நிதி மந்திரி, முன்னர் முந்த்ரா விவகாரத்திற் பதவியிழந்த அதே பட்டேல்! 1978இல் 44ஆவது திருத்தத்தின் மூலம் அப்பாதுகாப்பு அரசியல் யாப்பிலேயே இடம்பெற்று, மாநிலச் சட்டசபைகளுக்கும் விரிந்தது.

இதனை விதியின் விளையாட்டு என்பர் சிலர். விதியன்று, அதிகாரத்தின் இயல்பு. கணக்குக் கேட்பவனின் வாயை அடைப்பதற்கு முன்னர், கேள்வி மக்களை அடையும் வழியையே அதிகாரம் அடைக்கும். எந்த மதகைத் திறப்பதற்குப் பெரோஸ் முயன்றாரோ, அந்த மதகே முதலில் மூடப்பட்டது.

இன்றைய நிலை

இன்று நிலைமை என்ன? 1985இல் இந்தியாவிற் கட்சி தாவலைத் தடுக்கும் சட்டம் வந்தது. கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கும் அங்கத்தவர் தம் ஆசனத்தை இழக்கக்கூடும். விலைபோகும் அங்கத்தவரைத் தடுக்க வந்த அச்சட்டம், மனச்சான்றோடு மாறுபடும் அங்கத்தவரையும் அடக்கிவிட்டது என்பது பலரின் முறைப்பாடு. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. பெரோஸ் காந்தி அரசைக் கவிழ்த்து அந்த விசாரணையைப் பெறவில்லை. வினா எழுப்பியே பெற்றார். சட்டம் கட்டியது வாக்கை. வாயைக் கட்டியது சட்டமன்று. அடுத்த தேர்தலில் இடம் கிடையாதோ என்ற அச்சமும், மந்திரிப் பதவி என்ற ஆசையுமே அதனைக் கட்டின.

2020 செப்டெம்பரில், பெருந்தொற்றைக் காரணங்காட்டி, இந்தியப் பாராளுமன்றக் கூட்டத்தொடரொன்று வினா நேரமின்றியே நடந்தது. எழுத்து மூல வினாக்களுக்கு மட்டும் இடமளிக்கப்பட்டது. எழுத்தில் வரும் விடையைக் குறுக்குக் கேள்வியால் மடக்க முடியாது. 2023இல் அதே காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அதானி குழுமத்தின் கம்பனிகளிற் செய்த முதலீடு பற்றிக் கேள்விகள் கிளம்பின. இரு விவகாரங்களும் ஒன்றென்று கூறுவது பொருந்தாது. பிந்தியதில் தவறு நடந்தது என்று தீர்ப்புச் சொல்வதும் நமது வேலையன்று. ஆனால் கணக்குக் கேட்ட முறையை ஒப்பிடலாம். கூட்டுக் குழு வேண்டுமென்று கோரியவர்கள் எதிர்க்கட்சியினர், சபை கூச்சலில் முடங்கியது, குழு அமையவில்லை. நிபுணர் குழுவொன்றை நியமித்தது உச்ச நீதிமன்றமே. 1957இல் சபை தானே செய்த வேலையை இன்னொரு மன்றம் செய்ய நேர்ந்தது.

வெஸ்ட்மினிஸ்டர் மரபைப் பெற்ற எந்த நாட்டுக்கும் இது பொருந்தும். நல்ல யாப்பும் நல்ல விதிகளும் வேண்டியனவே. ஆயினும் நூலகத்திலிருந்து அறிக்கைகளை இரவோடிரவாக வாசித்து, எண்களைச் சரிபார்த்து, மறுநாள் தம் தலைவரின் முகம் சுளிக்குமே என்று அஞ்சாமல் எழுந்து நிற்கும் ஓர் அங்கத்தவர் இல்லையெனின் அவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காயே. அத்தகையவரைத் தெரிவு செய்வது வாக்காளரின் கடன். அவர் பேசியதைத் தேடி வாசிப்பது கற்றோரின் கடன். மாணவருக்கு அரசியல் யாப்பைக் கற்பிக்கும் ஆசிரியர், அதன் உறுப்புகளோடு இந்த ஒரு விவாதத்தையும் சேர்த்துக் கற்பிப்பாராயின், பொறுப்பு என்ற சொல் பரீட்சைக்குரிய விடையாக மட்டும் நின்றுவிடாது.