கடவு உண்டு, படகு இல்லை

கேரளத்தின் நீர்வழிப் போக்குவரத்து வரலாற்றில் 2023 பெருமைக்குரிய ஆண்டாக எழுதப்பட்டுவிட்டது. ஏப்ரல் 25 அன்று கொச்சி வாட்டர் மெட்ரோவைப் பிரதமர் தொடங்கிவைத்தார். பத்துத் தீவுகள், 38 முனையங்கள், 78 படகுகள், ஏறத்தாழ 1,137 கோடி ரூபாய் என்பது அத்திட்டத்தின் அளவு. அதே ஆண்டு நவம்பரில், தமிழக எல்லையை ஒட்டிய இடுக்கி மாவட்டத்தின் ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தில் ஒரு வள்ளம் கவிழ்ந்து, 301 காலனியைச் சேர்ந்த இருவர் மாண்டனர். முதல் செய்தி வளர்ச்சிக் கணக்கில் சேர்ந்தது. இரண்டாவது விபத்துக் கணக்கில் சேர்ந்தது. இரண்டும் ஒரே அரசின் நீர்வழிக் கொள்கையைப் பற்றிய செய்திகளே என்பதைச் சொல்வாரில்லை.

301 காலனி என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலமற்ற 301 ஆதிவாசிக் குடும்பங்களுக்குச் சின்னக்கானல் ஊராட்சியில் அரசு நிலம் ஒதுக்கி உருவாக்கிய குடியிருப்பு. ஒதுக்கிய இடம் யானைகளின் தடம். ஆனையிறங்கல் என்ற ஊர்ப்பெயரைப் படித்துப் பொருள் கொள்ளத் தெரிந்த எவரும் அங்கே பட்டா எழுதத் தயங்கியிருப்பர். பெரும்பாலான குடும்பங்கள் வெளியேறிவிட்டன. கொச்சியில் கொடியசைத்த நான்காம் நாள், 2023 ஏப்ரல் 29 அன்று, அரிக்கொம்பனை மயக்க ஊசியிட்டு லாரியில் ஏற்றிப் பெரியார் புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுசென்றனர். யானைக்கு வாகனம் கிடைத்தது. எஞ்சியிருந்த மனிதருக்குத் தரைவழியில் மற்ற யானைகளும் நீர்வழியில் நாட்டு வள்ளமும் மிஞ்சின.

மலைநாட்டிலிருந்து எதையாவது வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் அரசுகள் வழி கண்டுபிடிக்கத் தவறியதே இல்லை. பாலக்காட்டின் பறம்பிக்குளத்தைப் பார்த்தால் போதும். அங்கிருந்து தேக்கு மரத்தைச் சாலக்குடிக்கு இறக்க, கொச்சி சமஸ்தானம் ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு டிராம் பாதை அமைத்தது; 1907இல் ஓடத் தொடங்கிய அந்தப் பாதை 1963 வரை இருந்தது. மரம் முடிந்ததும் நீரின் முறை வந்தது. பறம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டித் தூணக்கடவுக்கும் சர்க்கார்பதிக்கும் நீரைக் கொண்டுசென்றனர். கொங்கு நாட்டு வயல்கள் அதனால் பசுமை கண்டன; அதை எவரும் குறைசொல்ல இயலாது. ஆனால் அதே பறம்பிக்குளத்துக்குப் பாலக்காட்டிலிருந்து வண்டியில் செல்வோர் இன்றும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகச் சுற்றித்தான் செல்ல வேண்டும். அங்கே காடர், மலசர், முதுவர் வாழும் குடியிருப்புகளுள் ஒன்றின் பெயரே ‘கடவு’. தூணக்கடவிலும் அச்சொல் உண்டு. கடவு என்றால் நீரைக் கடக்கும் துறை. துறையின் பெயர் நிலைத்துவிட்டது. நீர்த்தேக்கத்தில் மிதப்பவையோ சுற்றுலாப் பயணிக்கான மூங்கில் தெப்பங்களும் படகுகளும்.

தேக்கடி என்ற பெயரிலும் இதே கதைதான். உலகம் அறிந்த இடுக்கித் தேக்கடியில் பயணிகளுக்குப் படகு உண்டு, நேர அட்டவணை உண்டு, நுழைவுச்சீட்டு உண்டு. பாலக்காட்டின் முதலமடை ஊராட்சியிலும் பறம்பிக்குளக் காட்டுக்குள் ஒரு தேக்கடி இருக்கிறது. 2020 காந்தி ஜயந்தி அன்று அங்குள்ள ஆதிவாசிகள், கேட்டுக் கேட்டுச் சலித்து, செம்மணாம்பதியை நோக்கித் தாங்களே மண்வெட்டி எடுத்துக் காட்டில் பாதை வெட்டினர். அவர்களுக்குப் படகு உதவாது, தேவை தரைப்பாதைதான் என்பது உண்மை. எல்லா ஊருக்கும் படகே மருந்து என்று வாதிடுவது அறிவீனம். ஆனால் நீர் சூழ்ந்த ஊருக்கும் படகு இல்லை, நிலம் சூழ்ந்த ஊருக்கும் பாதை இல்லை என்றால் குறை நிலவியலில் இல்லை.

மலை நீர்த்தேக்கங்களில் கரையோர ஊர்களை இணைக்கும் ‘வாட்டர் டாக்ஸி’ என்ற பேச்சை எடுத்தால் முதலில் வரும் மறுப்பு ‘ஆபத்து’. 2009 செப்டம்பர் 30 அன்று இடுக்கித் தேக்கடியில் ‘ஜலகன்னிகை’ கவிழ்ந்து 45 பேர் இறந்ததை நினைவூட்டுவர். 2007இல் தட்டேக்காட்டில் சுற்றுலா சென்ற பள்ளிக் குழந்தைகளும் ஆசிரியர்களுமாக 18 பேர், 2023 மே மாதம் தானூரில் 22 பேர். மூன்றும் உல்லாசப் பயணங்கள். அன்றாடப் பயணப் படகு மட்டும் கவிழாதா எனில், கவிழும், கவிழ்ந்திருக்கிறது. 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகத்துக்குச் சென்ற அரசுப் படகு மூழ்கி 29 பேர் இறந்தனர். அவர்களில் பலர் அரசுப் பணித் தேர்வு எழுதச் சென்ற இளைஞர்கள். அதன்பின் அரசு அந்தத் தடத்தை மூடவில்லை. இன்றும் அங்கே படகு ஓடுகிறது. இடுக்கித் தேக்கடியிலும் சுற்றுலாப் படகு மீண்டும் ஓடுகிறது. சமவெளியில் விபத்து நேர்ந்தால் படகைச் சீர்செய்கிறார்கள், மலையில் விபத்து நேர்ந்தால் படகே கூடாது என்கிறார்கள். எந்த அரசுப் படகும் இல்லாத ஆனையிறங்கலில்தான் அந்த இருவரும் மூழ்கினர் என்பது இவ்வாதத்துக்குள் நுழைவதே இல்லை.

காடும் யானையும் என்பது அடுத்த மறுப்பு. இது கனமானது. ஆனையிறங்கலில் யானைகள் கரைக்கு இறங்கும், நீந்தியும் கடக்கும். பகலெல்லாம் இரைச்சலோடு சுற்றும் சுற்றுலா விரைவுப் படகுகளை அங்கே தடுக்கச் சொல்வது நியாயம். ஆனால் குடியிருப்புக்குச் செல்ல யானைத் தடத்தை அறுத்துத் தார்ச்சாலை போடுவதா, காலையும் மாலையும் ஒலியின்றிச் சென்று வரும் சூரியஆற்றல் படகை விடுவதா என்று கேட்டால் சூழலியலாளர் எதைத் தேர்வர்? வைக்கம்–தவணக்கடவு தடத்தில் ‘ஆதித்யா’ 2017 முதல் ஓடுகிறது. அதை இயக்குவது கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை. அத்துறையின் படகு நிலையம் இடுக்கியிலும் இல்லை, பாலக்காட்டிலும் இல்லை.

பொறியியல் சிக்கலை மறைக்க வேண்டியதில்லை. கொச்சிக் காயலில் ஓதம் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர். இடுக்கி நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு மட்டம் 2,403 அடி. மின்உற்பத்திக்கு நீர் எடுக்கக்கூடிய கீழ்மட்டம் 2,280 அடி. இடைவெளி 123 அடி. கோடையில் கரை அரைக் கிலோமீட்டர் பின்வாங்கிச் சேறாகிவிடும் இடங்களில் கொச்சி முனையத்தின் வரைபடத்தைக் கொண்டுவந்து வைப்பது கேலிக்கூத்து. பறம்பிக்குளத்தில் 2022 செப்டம்பரில் மதகு ஒன்று உடைந்து, நாள் கணக்கில் நீர் வெளியேறியதையும் எண்ணிப் பார்க்கலாம். நீர்மட்டத்தோடு நகரும் மிதவைத் துறையும், கோடைக்கு ஒரு துறை மழைக்கு ஒரு துறை என்ற ஏற்பாடும் வேண்டும். இது செய்யக்கூடிய வேலை. கர்நாடகத்தில் லிங்கனமக்கி அணையால் துண்டிக்கப்பட்ட சிகந்தூர்ப் பகுதி மக்களைப் பேருந்தோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு அரசு லாஞ்சுகள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கரை சேர்த்தன. 2025 ஜூலையில்தான் அங்கே பாலம் திறக்கப்பட்டது. மராட்டியத்தின் கொய்னா நீர்த்தேக்கத்திலும் கரையோர ஊர்களுக்கு லாஞ்சு உண்டு. அணை கட்டி வழியை மூழ்கடித்தவரே வழி தர வேண்டும் என்ற எளிய நியாயத்தை அந்த அரசுகள் ஓரளவேனும் ஏற்றன.

ஆய்வுலகம் இதில் தன் பங்கை மறைக்கலாகாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2)இல், கிராம சபையின் பரிந்துரையோடு காட்டுநிலத்தைப் பயன்படுத்தத்தக்க பதின்மூன்று பொதுவசதிகளைப் பட்டியலிடுகிறது. பள்ளி உண்டு, மருந்தகம் உண்டு, நியாயவிலைக் கடை உண்டு, சாலை உண்டு. படகுத்துறை இல்லை. நீர்த்தேக்கக் கரையில் வாழும் காட்டுக்குடிகள் இருக்கிறார்கள் என்பது சட்டம் வரைந்தோர் நினைவிலேயே இல்லை போலும். இச்சட்டம் பற்றிக் குவிந்துள்ள ஆய்வேடுகளிலும் இந்த விடுபாடு பேசுபொருளாகவில்லை. அவ்வேடுகளின் முதல் அத்தியாயம் எழுதும் வழக்கமான தொடர் ‘தொலைதூரக் குடியிருப்பு’. எதிலிருந்து தொலைவு? கரையிலிருந்து கரைக்குக் கண்ணெட்டும் தூரம். படகு இல்லாததைத் தொலைவு என்று பெயர்மாற்றம் செய்து, அதற்குப் பண்பாட்டு விளக்கமும் எழுதியாயிற்று. பெயர்மாற்றத்தில் அரசும் சளைத்ததன்று: 2024 ஜூனில் ‘காலனி’ என்ற சொல்லைக் கைவிடுமாறு கேரள அரசு ஆணையிட்டது. நல்ல ஆணைதான். குடியிருப்புக்குப் புதுப்பெயர் வரும், கடவுக்குப் படகு வராது.

‘டாக்ஸி’ என்ற சொல்லிலும் எச்சரிக்கை தேவை. ஆலப்புழையில் 2020இல் வந்த வாட்டர் டாக்ஸி மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் படகு. கூலி வேலைக்குப் போகிறவர் மணிக்கணக்கு வாடகை தர மாட்டார். ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை தொடங்கும் நேரம், பள்ளி மணி, நியாயவிலைக் கடை திறக்கும் நாள், பேறுகாலப் பெண்ணை இறக்க வேண்டிய நள்ளிரவு ஆகியவற்றைக் கொண்டு ஊர்க்கூட்டம் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஓட்டுநர் அந்தக் கரைக்காரராக இருக்க வேண்டும். கட்டணம் பேருந்துக் கட்டணத்தைத் தாண்டக் கூடாது. பயணிகள் குறைவு, நட்டம் என்பார்கள். மலைப்பாதையில் ஓடும் எந்த அரசுப் பேருந்து இலாபத்தில் ஓடுகிறது?

ஆனையிறங்கலில் நீர் மின்வாரியத்தினுடையது, காடு வனத்துறையினுடையது, குடியிருப்பைக் கவனிப்பது பட்டியல் பழங்குடியினர் மேம்பாட்டுத் துறை, படகு ஓட்டத் தெரிந்த துறை ஆலப்புழையில் இருக்கிறது. இந்நால்வரையும் சின்னக்கானல் ஊராட்சி அலுவலகத்தில் ஒரே மேசையில் உட்காரவைக்க ஒரு மாவட்ட ஆட்சியரின் கடிதம் போதும். அக்கடிதம் அடுத்த பருவமழைக்கு முன் எழுதப்படுமா என்பதைத்தான் இப்போது கேட்க வேண்டும்.