வெற்றுத்தாளில் கைநாட்டா?

மம்சாபுரம் விவசாயத் தொழிலாளியின் மகனானாலும் சரி, ராஜபாளையம் மில் தொழிலாளியின் மகளானாலும் சரி, வேலைக்கு மனுப் போடப் போனால் மின்னஞ்சல் முகவரி கேட்கிறார்கள். அது இனாம்தானே என்கிறார்கள். இனாமா? பெயரைக் கொடு, பிறந்த தேதியைக் கொடு, போன் நம்பரைக் கொடு, நிபந்தனைகளுக்குச் சம்மதம் என்று பொத்தானை அமுக்கு என்கிறது கம்பெனி. பக்கம் பக்கமான அந்த நிபந்தனைகளைப் படித்தவர் யார்? வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிய லேவாதேவிக்காரனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

விளம்பர லாபத்துக்காக ஜனங்களின் கடிதங்களை இயந்திரத்தால் துழாவி வந்த கூகிள் கம்பெனி, 2017-ல்தான் அதை நிறுத்துவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24-ல், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழிலும் படிக்க வழி செய்யவேண்டும் என்று 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதன் விதிகளோ 2025 நவம்பரில்தான் வந்தன. அதிலும் கம்பெனிகளுக்கு 18 மாதத் தவணை!

ஆள் அடையாளம் பார்ப்பதே தவறென்று நாம் சொல்லவில்லை. திருடன் கணக்கைப் பறிக்காமலிருக்க அது தேவைதான். ஆனால் எதற்குக் கேட்கிறாய், யாருக்குக் கொடுப்பாய், எப்போது அழிப்பாய் என்பதைத் தமிழில் சொல்லிவிட்டுக் கேள்!

தோழர்களே! கம்ப்யூட்டர் கடைக்காரரின் போன் நம்பரில் கணக்குத் திறக்காதீர்கள். நம்பர் யாருடையதோ, கணக்கின் சாவியும் அவர் கையில்தான். தவணை முடியும்வரை காத்திராமல், தமிழில் நிபந்தனை வேண்டும் என்று சங்கங்களில் தீர்மானம் போடுங்கள்!