கிளித்தட்டு ஆடிய கால்கள்

வட்டுக்கோட்டையில் பிக்கிள்பால் தொடங்கப் புதிய மைதானம் வேண்டுமென்பது வீண்பேச்சு. 1965இல் அமெரிக்கத் தீவொன்றில், கைக்கெட்டிய பொருட்களைக் கொண்டு பிறந்த ஆட்டம் அது. பட்மின்டன் இரட்டையர் களத்தின் அளவே இதற்கும்: 44 அடிக்கு 20 அடி. வலையின் நடுப்பகுதியை 34 அங்குலத்துக்கு இறக்கவேண்டும். மணல் முற்றத்தில் பந்து எழும்பாது; சீமெந்துத் தரை அவசியம். ஆகவே, விலையுயர்ந்த மட்டைகளை அனுப்ப எண்ணும் வெளிநாட்டுப் பிள்ளைகள் முதலில் தரைக்குப் பணம் அனுப்பட்டும்; பழகுவதற்குச் சாதாரண மரமட்டை போதும்.

புதியவர் தடுமாறுவது வலையை ஒட்டிய ஏழடிப் பகுதியில்தான். அங்கே நின்று, நிலத்தில் படாத பந்தை அடிக்கலாகாது. கோட்டை மிதித்தாலும் தவறு. கிளித்தட்டில் கோட்டுக்காகச் சண்டையிட்டு வளர்ந்த எம் மூத்தோருக்கு இதைக் கற்பிக்கவா வேண்டும்? மாலையில் கதிரை போட்டு, கனடாவிலிருந்து வரும் அழைப்புக்காகக் காத்திருக்கும் அவர்களையே முதலில் அழையுங்கள்.