குழந்தையை அளக்கும் கோல்

கோவளத்து மீனவர் குடியில் பிறந்த ஏழு அகவைப் பிள்ளை ஒன்றை எண்ணிப் பாருங்கள். வஞ்சிரத்தையும் சங்கராவையும் நெத்திலியையும் கண்ட அளவில் அது பெயர் சொல்லும். வீசும் காற்று கொண்டலா, வாடையா என்று கூறும். கூறு வைத்த மீனை எண்ணிக் கணக்குச் சொல்லும். அதே பிள்ளையை ஆங்கில வழிப் பள்ளியொன்றில் நிறுத்தி, அயன்மொழியில் வினவினால் வாய் திறவாது. உடனே ‘மக்கு’ என்று முடிவு கட்டிவிடுவர். அங்கே அளக்கப்பட்டது பிள்ளையின் அறிவா? அன்று, அதன் ஆங்கிலப் பழக்கமே!

மாணாக்கரை அளந்தறிதல் தமிழர்க்குப் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் யாத்த பவணந்தியார், அன்னம், ஆ, ஆடு, எருமை முதலிய உவமைகளால் மாணாக்கரை வகைப்படுத்தினார். அவற்றுள் எருமையை மட்டும் பற்றிக்கொண்டு வசைமொழியாக்கிய ஆசிரியர் பலர். கேட்போன் ஏற்கும் வகையறிந்து கற்பித்தலே ஆசிரியன் கடன் என்று அந்நூலின் பாயிரமே கூறுவதை அவர்கள் மறந்தனர். அளப்பது பிள்ளையைத் தள்ளுதற்கன்று; கற்பிக்கும் முறையைத் திருத்துதற்கே.

மேனாட்டிலும் இப்பிழை நேர்ந்தது. 1905இல் பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரெட்டு பினே, சைமனோடு சேர்ந்து அறிவளவைத் தேர்வொன்றை வகுத்தார். தனித்துணை வேண்டும் பிள்ளைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். பின்வந்த அமெரிக்கர் சிலரோ, மாறாத பிறவியறிவின் அளவாக அதனைத் திரித்தனர்.

2022இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்திற்று. நல்ல தமிழ்ப் பெயர்கள்! அரும்பு மலரும் என்னும் நம்பிக்கை அவற்றில் உண்டு. ஆயினும், ஒரு பிள்ளை ஆண்டுதோறும் அரும்பாகவே விடப்படுமாயின், அது பூப்பெயர் சூட்டிய எருமைப் பட்டமேயன்றி வேறென்ன?

எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையைச் சோம்பேறி என்று அடிப்பதும் கொடுமை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. அதனைக் கண்டறியும் தேர்வும் தமிழுக்கென்றே அமைய வேண்டும். குறில் நெடில் மயக்கத்தையும் ர, ற மயக்கத்தையும் ஆங்கிலத் தேர்வின் மொழிபெயர்ப்பு எங்ஙனம் காட்டும்?

தமிழ்ப் பெற்றோரே! உங்கள் பிள்ளைக்கு மதிப்பெண் எத்துணை என்று கேட்பதோடு அமையாதீர். அதற்கு எது எளிதில் வருகிறது, எங்கே இடறுகிறது, அவ்விடத்தில் என்ன துணை செய்தீர்கள் என்று ஆசிரியரைக் கேளுங்கள். எம்மொழியில் அளந்தீர்கள் என்பதை முதலிற் கேளுங்கள்!